ஆடிப்பட்டமும் மூன்றாண்டுப் பட்டமும்

வைகாசி மாதத்தில் எங்கள் கல்லூரி வளாகத்தில் மயில் அகவுவது மட்டும்தான் கேட்கும். தேர்வு முடிந்து பிள்ளைகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருப்பார்கள். விடுதிச் சமையலறை பூட்டிக் கிடக்கும். அந்த நாட்களில் விடுதிக்குப் பின்னால் இருக்கும் நாலரை ஏக்கரில் முருங்கை காய்த்துத் தொங்கும், நாற்றங்கால் காய்ந்துவிடாமல் காலை மாலை பூவாளி பிடிக்க வேண்டியிருக்கும், இரண்டு மாடுகளும் தண்ணீருக்குக் கத்தும். மண்ணுக்கும் மாட்டுக்கும் கோடை விடுமுறை கிடையாது.

பத்து ஆண்டுகளுக்கு மேலாக அந்தத் தோட்டம் என் பொறுப்பில் இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் தாவரவியல் ஆசிரியர் நான். கல்லூரியில் இயற்கை விவசாயம் செய்கிறோம் என்று கேள்விப்பட்டு எங்கெங்கிருந்தோ ஆசிரியர்கள் வந்து பார்க்கிறார்கள். எல்லோரும் பஞ்சகவ்யம் எப்படிச் செய்வது, எந்த விதை வாங்குவது என்று கேட்கிறார்கள். மே மாதம் என்ன செய்கிறீர்கள் என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. கல்லூரித் தோட்டத்தின் உயிர் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2015 ஜூனில் தொடங்கினோம். அப்போது அந்த நிலம் முழுக்கச் சீமைக்கருவேலம். விடுதி கட்டியபோது கொட்டிய செங்கல் துண்டுகளும் சிமெண்ட் கட்டிகளும் அடியில் புதைந்து கிடந்தன. மண் பரிசோதனை அட்டையில் கரிமச் சத்துக்கு எதிரே 'குறைவு' என்று எழுதி வந்தது. அரை சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அப்படித்தான் எழுதுவார்கள். செம்மண், மழை பெய்தால் மேலே ஓடு கட்டிவிடும். கம்பியை ஊன்றினால் நாலு விரற்கடைக்கு மேல் இறங்காது.

அதற்கு முந்தைய ஆண்டுதான் கரூர் மாவட்டம் கடவூர்ப் பக்கம் இருக்கும் வானகம் என்ற இயற்கை வேளாண் பண்ணைக்குப் பயிற்சிக்குப் போய் வந்திருந்தேன். அதை உருவாக்கிய நம்மாழ்வார் ஐயா 2013 டிசம்பர் 30ஆம் தேதி மறைந்துவிட்டார். அவரை நேரில் பார்க்கும் கொடுப்பினை எனக்கு இல்லை. ஆனால் அவர் தேர்ந்தெடுத்த அந்தப் பொட்டல் காடு பச்சை பிடித்து நிற்பதைக் கண்ணால் பார்த்தேன். எங்கள் கருவேலங்காட்டைவிட அது மோசமான நிலம். அந்தத் தைரியத்தில்தான் முதல்வரிடம் போய்க் கேட்டேன். "செலவு கேட்காதீங்க, இடத்தை எடுத்துக்கோங்க" என்றார். கல்வியோடு உழவைச் சேர்ப்பது எங்கள் மாவட்டத்துக்குப் புதிய செய்தி இல்லை. காந்திகிராமத்தில் 1956இலேயே ஊரக நிறுவனம் தொடங்கிவிட்டார்கள். ஆனால் எங்களைப் போன்ற சாதாரணக் கல்லூரியில் தாவரவியல் என்றால் கரும்பலகை, ஸ்லைடு, அழுத்திக் காயவைத்த செடி. அவ்வளவுதான்.

முதலில் நாங்கள் எடுத்தது விதையோ மண்வெட்டியோ இல்லை, தீப்பெட்டியைத்தான். எடுத்தோம் என்றால் துப்புரவுப் பணியாளர்கள் கையிலிருந்து வாங்கி வைத்தோம். வளாகம் முழுக்கத் தூங்குமூஞ்சி மரம், வேம்பு, புங்கம், கொஞ்சம் தேக்கு. தினமும் காலையில் சருகைக் கூட்டி, குவித்து, கொளுத்திவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. எட்டரை மணிக்குள் தரை சுத்தமாக இருக்க வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. சருகைச் சுமந்து வந்து தோட்டத்தில் கொட்டச் சொன்னால் வேலை இரட்டிப்பாகிறது. இரண்டு தள்ளுவண்டி வாங்கிக் கொடுத்து, சருகு வண்டிக்கென்று தனியாக ஒருவரைப் போட்ட பிறகுதான் புகை நின்றது. தூங்குமூஞ்சி இலை பயறு வகைக் குடும்பத்து மரத்து இலை, சீக்கிரம் மக்கும். தேக்கிலை தோல் மாதிரி, லேசில் மக்காது. அதை மட்டும் பிரித்து மரத்தடிகளுக்கு மூடாக்காகப் போட்டோம்.

மக்குக் குவியல் போடுவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உலகம் முழுவதும் இன்றைக்குப் பேசும் கம்போஸ்ட் முறைக்கு இந்தூர் முறை என்றே ஒரு பெயர் உண்டு. ஆல்பர்ட் ஹோவர்ட் 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தை நடத்தியபோது, நம் நாட்டு உழவர்கள் செய்வதைப் பார்த்துப் பார்த்துச் செம்மைப்படுத்திய முறை அது. கரி 30 பங்கு, தழைச்சத்து 1 பங்கு என்று புத்தகத்தில் இருக்கும். பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கு மனதில் நிற்கவில்லை. "காய்ந்த சருகு ஒரு முழம், பச்சைத் தழை ஒரு சாண், மேலே சாணிக் கரைசல், ஒரு பிடி பழைய மக்கு, மறுபடியும் சருகு" என்று சொன்னதும் பிடித்துக்கொண்டார்கள்.

ஈரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைச் சொல்லிக் கொடுத்தது நான் இல்லை. தோட்டத்தில் வேலை பார்த்த ஒரு அம்மா. பக்கத்துக் கிராமம், அறுபது வயது இருக்கும். பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் பெரியம்மா. நான் ஈரப்பதம் அறுபது சதவீதம் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் குவியலுக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, இறுக்கிப் பிடித்து, விரலை விரித்துக் காட்டினார். பிடி கொழுக்கட்டை மாதிரி நின்றது. கட்டை விரலால் லேசாகத் தட்டினார், பொலபொலவென்று உதிர்ந்தது.

"புட்டுக்கு மாவு பெசையிற பதம் கண்ணு. கையில தண்ணி கசிஞ்சா கூடிப்போச்சு. பிடிச்சா நிக்கலேன்னா பத்தலை. அம்புட்டுத்தான்."

அன்றிலிருந்து எங்கள் தோட்டத்தில் அதற்குப் புட்டுப் பதம் என்றே பெயர். அளவுமானி வாங்கவே இல்லை.

நாலாம் நாள் குவியலின் நடுவில் ஒரு இரும்புக் கம்பியைச் செருகி, கொஞ்ச நேரம் கழித்து உருவித் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். தொட்டவர்கள் விரலை வெடுக்கென்று இழுத்துக்கொள்வார்கள். உள்ளே அறுபது டிகிரியைத் தொடும் சூடு. தீ இல்லை, மின்சாரம் இல்லை, நுண்ணுயிர்கள் தின்று மூச்சுவிடும் சூடு என்று சொல்லும்போது அவர்கள் முகத்தில் தெரியும் வியப்பை என் வகுப்பறையில் நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

முதல் ஆண்டிலேயே ஒரு தவறும் செய்தோம். விடுதியில் மிஞ்சும் சோறு, சாம்பார், பொரியல் எல்லாவற்றையும் குவியலில் கொட்டினோம். வீணாகும் உணவைப் பயன்படுத்துகிறோம் என்ற பெருமை வேறு. மூன்று மாதம் கழித்து அந்த மக்கைக் கலந்து குழித்தட்டில் போட்ட தக்காளி நாற்று இலை ஓரம் கருகி, அத்தனையும் படுத்துவிட்டது. சமைத்த உணவில் உள்ள உப்பு மக்கில் தங்கிவிடுகிறது, கரைந்து போக வழியில்லை. கல்லூரி நடத்தும் எல்லோரும் இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்: நறுக்கிக் கழித்த காய்த்தோலும் கீரைத் தண்டும் குவியலுக்கு வரலாம், தட்டில் மிஞ்சியது வரக் கூடாது.

மண்ணைத் திருப்பியது பல தானிய விதைப்புதான். தானியம், பயறு, எண்ணெய் வித்து, மணப்பயிர், தழைப்பயிர் என்று வகைக்கு நாலு. சோளம், கம்பு, உளுந்து, தட்டைப்பயறு, எள், ஆமணக்கு, கொத்தமல்லி, கடுகு, தக்கைப்பூண்டு, சணப்பு, கொழுஞ்சி என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் கலந்து ஏக்கருக்கு இருபது கிலோவுக்குக் குறையாமல் விதைத்து, பூ எடுக்கும் பருவத்தில், ஐம்பது அறுபது நாளில், மடக்கி உழுதுவிட வேண்டும். முதல் விதைப்பு முழங்கால் உயரம்கூட வரவில்லை. இரண்டாவது விதைப்பு இடுப்பு உயரம். மூன்றாவதில் பிள்ளைகள் உள்ளே போனால் தலை மட்டும்தான் தெரிந்தது.

இரண்டாவது விதைப்பின்போது ஒரு நாள் காலை. தட்டைப்பயறுச் செடி ஒன்றை மண்ணோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் அலசி, வேரைப் பிள்ளைகளிடம் காட்டினேன். வேர் முழுக்கக் கடுகும் மிளகுமாக முடிச்சுகள். ஒரு முடிச்சைக் கிள்ளி, நகத்தால் இரண்டாகப் பிளந்தேன். உள்ளே இளஞ்சிவப்பு, புதிதாக வெட்டிய கொய்யாப் பழத்தின் நிறம். காற்றில் இருக்கும் தழைச்சத்தை பாக்டீரியா பிடித்துக் கொடுக்கும்போதுதான் அந்த நிறம் இருக்கும். நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதம் அது. வெள்ளையாக இருந்தால் இன்னும் வேலை தொடங்கவில்லை, பச்சையாக இருந்தால் வேலை முடிந்துவிட்டது. பதினாலு ஆண்டு இதை ஸ்லைடில் காட்டிக் காட்டிப் பாடம் நடத்தியிருக்கிறேன். நகத்தில் ஒட்டிய அந்தச் சிவப்பை நானே அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன். அன்றைக்கு எட்டு மணி வகுப்புக்கு ஒருவரும் போகவில்லை, ஆளுக்கொரு செடியைப் பிடுங்கி முடிச்சைப் பிளந்துகொண்டிருந்தார்கள்.

பிள்ளைகள் எல்லோரும் ஆசையாக ஓடி வந்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஆண்டுக்கு 120 மணி நேரம் வேலை செய்தால் சான்றிதழ் உண்டு. அதற்காக வந்தவர்கள்தான் முக்கால்வாசி. எங்கள் கல்லூரியில் படிப்பவர்களில் பெரும்பாலோர் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். நகரத்துப் பிள்ளைகள் மம்பட்டியை ஆர்வமாக வாங்கினார்கள். கிராமத்துப் பிள்ளைகள்தான் தயங்கினார்கள். அதன் காரணம் எனக்கு ஒரு தகப்பன் வந்து சொல்லித்தான் விளங்கியது.

வேடசந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்தார். மகளைப் பார்க்க வந்தவர், அவள் தோட்டத்தில் பாத்தி கட்டுவதைப் பார்த்துவிட்டார். நேரே என்னிடம் வந்தார். கோபப்படவில்லை, குரல் தழுதழுத்தது.

"நாங்க படுற பாடு எங்களோட போகட்டும்னுதான் சார் கடன வாங்கிப் பிள்ளைய இங்க விட்டேன். இங்கயும் மம்பட்டியத்தான் கையில குடுக்கறீங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. விவசாயத்தின் பெருமையைப் பற்றி மேடையில் பேசும் எதையும் அவரிடம் பேசுவதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. மாதச் சம்பளம் வாங்குகிறவன் நான். அவரைக் கூட்டிப்போய்த் தோட்டத்தைக் காட்டினேன். அந்தப் பெண் தன் பாத்தியின் பதிவேட்டை எடுத்து வந்து காட்டினாள். விதைத்த நாள், முளைத்த சதவீதம், பூச்சி கண்ட நாள், அடித்த கரைசல், எடுத்த மகசூல் எல்லாம் எழுதியிருந்தாள். அவர் பக்கம் பக்கமாகத் திருப்பினார். பிறகு குனிந்து ஒரு கத்தரிச் செடியின் அடி இலையைத் திருப்பிப் பார்த்து, "மாவுப்பூச்சி வருது பாரு, வேப்பெண்ணெய அடிக்கச் சொல்லு" என்று மகளிடம் சொன்னார். மம்பட்டியைப் பற்றி அவர் அதற்குப் பிறகு என்னிடம் எதுவும் பேசவில்லை. ஆனால் அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தேன். இந்தத் தோட்டத்தில் பிள்ளைகளைக் கூலிக்குப் பதிலாக நிறுத்தக் கூடாது. உடல் வேலை இருக்கும், கூடவே அவரவர் பாத்திக்கு அவரவர் கணக்கும் கேள்வியும் இருக்கும். வெறும் களை பறிக்க ஆள் வேண்டுமென்றால் கூலி கொடுத்து ஆள் வைப்போம். அந்த முடிவை இன்றுவரை மாற்றவில்லை.

இனிப் பட்டத்துக்கு வருகிறேன். ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். கல்லூரியும் பட்டம் தருகிறது. இரண்டு பட்டத்தையும் ஒரே நாட்காட்டியில் பொருத்துவதுதான் இந்தத் தொழிலில் மிகக் கடினமான வேலை. ஜூன் பாதியில் கல்லூரி திறக்கும், ஆனால் முதலாண்டுப் பிள்ளைகள் பழகி வருவதற்குள் ஆடி பிறந்துவிடும். எங்கள் பக்கம் ஆடிக் காற்று பேய்க்காற்று, வாழையைச் சாய்த்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து களை கொழிக்கும் நேரத்தில் பிள்ளைகளுக்குப் பருவத் தேர்வு. தையில் அவரையும் மொச்சையும் காய்த்துக் குலுங்கும்போது பொங்கல் விடுமுறை. பங்குனி, சித்திரையில் முருங்கை உச்சத்தில் இருக்கும், அப்போது மறுபடியும் தேர்வு. நிலத்துக்கு ஆள் தேவைப்படும் ஒவ்வொரு நேரத்திலும் வளாகத்தில் ஆள் இருக்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். விடுதியில் குளித்துத் துவைத்த தண்ணீரைக் கல்வாழைப் பாத்திகள் வழியாக விட்டு, தெளிந்த நீரை வாழைக்கும் மாட்டுத் தீவனப் புல்லுக்கும் பாய்ச்சினோம். கீரைக்கும் பச்சையாகத் தின்னும் காய்க்கும் அதைத் தொடவிட மாட்டோம். நல்ல ஏற்பாடு என்று எல்லோரும் பாராட்டினார்கள். அடுத்து வந்த மே மாதம் விடுதி காலியானதும் அந்தத் தண்ணீரும் நின்றது. பத்தே நாளில் கோ-4 புல் காய்ந்து சருகானது. மாட்டுக்கு வைக்கோல் விலைக்கு வாங்கினோம். குளிக்கும் பிள்ளைகளை நம்பிப் புல் போட்டால், அவர்கள் ஊருக்குப் போகும் நாளையும் கணக்கில் சேர்த்துத்தான் போட வேண்டும்.

அதன் பிறகு திட்டத்தையே தலைகீழாகப் போட்டோம். சாப்பிட ஆள் இல்லாத சித்திரை வைகாசியில் காய்கறியே வைப்பதில்லை. தக்காளி, கத்தரி எல்லாம் ஏப்ரல் நடுவில் முடிகிற மாதிரி நடுவோம். கோடை மழை விழுந்ததும் உழுது பல தானியம் விதைத்துவிடுவோம். பிள்ளைகள் இல்லாத மாதம் மண் சாப்பிடும் மாதம். மாட்டுத் தீவனத்துக்கு வேலியோரம் அகத்தியும் கிளிரிசிடியாவும் வைத்தோம். ஜூன் முதல் வாரம் கீரை விதைத்தால் கல்லூரி திறந்து விடுதி நிரம்பும்போது முதல் அறுப்பு வரும்.

விடுதிச் சமையல் மாஸ்டரோடு நடந்தது தனிக் கதை. அறுநூறு பேருக்குச் சமைக்கிறவர். காலை ஐந்து மணிக்குக் காய் கைக்கு வர வேண்டும், எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும், நறுக்கும்போது புழு வரக் கூடாது. எங்கள் கத்தரிக்காயில் பத்துக்கு ஒன்று சொத்தை. "சார், ஒங்க இயற்கைக் காய நறுக்க எனக்கு ரெண்டு ஆள் கூடப் போடணும்" என்றார். அவர் சொன்னது முழுக்க நியாயம். மூட்டையாக இறக்கிவிட்டு வந்ததை நிறுத்தி, தோட்டத்திலேயே பொறுக்கி, தரம் பிரித்து அனுப்பத் தொடங்கினோம். வாடிய பூவையும் நுனிக்குருத்தையும் கிள்ளி அழிப்பது, இனக்கவர்ச்சிப் பொறி கட்டுவது, வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிப்பது என்று ஒழுங்காகச் செய்ததும் சொத்தை குறைந்தது. கீரைக்கு அவரே ஒரு கணக்கு போட்டுக் கொடுத்தார். நாலு பேருக்கு ஒரு கட்டு, ஆக நூற்றைம்பது கட்டு, வாரத்துக்கு இரண்டு நாள். சிறுகீரை இருபத்தைந்து நாளில் வரும். ஆகவே வாரத்துக்கு இரண்டு விதைப்பு, எட்டுப் பாத்தி சுழற்சி. அந்தக் கணக்குத் தாள் இன்றும் கருவி அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. தோட்டத்தின் பயிர்த்திட்டம் சமையலறையில்தான் எழுதப்பட வேண்டும் என்பது என் அனுபவம்.

கணக்குப் பிரிவோடு பட்ட பாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எதை வாங்கினாலும் மூன்று விலைப்புள்ளி, முறையான ரசீது. தொழுஉரம் விற்கும் கீதாரி ரசீதுக்கு எங்கே போவார்? கிடை போட்ட ஆட்டுக்காரர் எந்தப் படிவத்தில் கையெழுத்து போடுவார்? இரண்டு ஆண்டு என் கைக்காசைப் போட்டேன். கடைசியில் இரண்டு மாடு வாங்க அனுமதி கிடைத்தது. மாடு வாங்க ரசீது இருந்தது. ஒரு மாடு நாளைக்குப் பத்துக் கிலோ சாணம் போடும். அதற்கு ரசீது தேவைப்படவில்லை.

இப்போது எழுதக் கை நடுங்கும் ஒரு நாளைச் சொல்ல வேண்டும். 2017 பிப்ரவரி. கல்லூரியை மதிப்பீடு செய்ய ஒரு குழு வருகிறது என்று வளாகம் முழுக்க வெள்ளை அடித்தார்கள், புதர் வெட்டினார்கள். நான் மதுரையில் ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தேன். திரும்பி வந்த அன்று மாலை தோட்டத்துக்குப் போனால், பெரியம்மா வரப்பில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. வேலியோரப் பாதையில் புல் முளைத்திருக்கிறதென்று ஒப்பந்தக்காரரின் ஆட்கள் களைக்கொல்லி அடித்திருக்கிறார்கள். அவர் கத்தியிருக்கிறார், யாரும் கேட்கவில்லை. காற்றில் மருந்து உள்ளே வந்துவிட்டது. மூன்று நாளில் வேலியோர முருங்கை வரிசையும் அதை ஒட்டிய கீரைப் பாத்திகளும் மஞ்சளாகி வாடின.

தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தின் விதிப்படி ஓராண்டுப் பயிருக்கு இரண்டு ஆண்டு, மரப்பயிருக்கு மூன்று ஆண்டு ரசாயனம் படாமல் இருந்தால்தான் சான்று. எங்களுடையது கோயம்புத்தூரில் தலைமையகம் உள்ள தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறையில் பதிந்த நிலம். நடந்தது வெளியே யாருக்கும் தெரியாது, சொல்லாமலே விட்டிருக்கலாம். அப்படி ஒரு யோசனையும் வந்தது. ஆனால் பண்ணைப் பதிவேட்டை எழுதுகிறவர்கள் பிள்ளைகள். அன்றைய பக்கத்தில் ஒரு மாணவன், "களைக்கொல்லி தெளிக்கப்பட்டது. வடக்கு வேலி, நான்கு வரிசை" என்று ஏற்கெனவே எழுதிவிட்டான். அந்தப் பக்கத்தைக் கிழிக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. துறைக்குத் தெரிவித்தோம். ஆய்வாளர் வந்து அந்தப் பட்டையைத் தனியாகப் பிரித்தார். அங்கே கணக்கு மறுபடியும் முதல் நாளிலிருந்து தொடங்கியது.

முதல் அணிப் பிள்ளைகள் அப்போது இரண்டாம் ஆண்டில் இருந்தார்கள். கருவேலத்தை வேரோடு தோண்டியவர்கள், செங்கல் பொறுக்கியவர்கள் அவர்கள்தான். 2018 ஏப்ரலில் படிப்பை முடித்துக் கிளம்பினார்கள். மீதி நிலத்துக்கான சான்றிதழ் வந்தபோது அவர்களில் ஒருவரும் வளாகத்தில் இல்லை. இளநிலைப் பட்டத்துக்கும் மூன்று ஆண்டு, மண் தேறுவதற்கும் மூன்று ஆண்டு. நட்டவன் ஒருவன், தின்பவன் இன்னொருவன் என்பது கல்லூரித் தோட்டத்தில் ஆண்டுதோறும் நடக்கிறது. சான்றிதழின் நகலை அந்த அணியில் இருந்த அத்தனை பேர் வீட்டுக்கும் தபாலில் அனுப்பினேன். வேடசந்தூர்க்காரர் தொலைபேசியில் கூப்பிட்டு, "கண்ணாடி போட்டு மாட்டிட்டேன் சார்" என்றார்.

பூச்சியைப் பற்றி ஒரே ஒரு செய்தி. எங்கள் பப்பாளியில் மாவுப்பூச்சி கண்டபோது மருந்து அடித்தே தீர வேண்டும் என்று பலர் சொன்னார்கள். 2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் முதலில் தென்பட்டு, தமிழ்நாட்டின் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றையும் சூறையாடிய பூச்சி அது. மருந்துக்குக் கட்டுப்படவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்ட அசெரோபேகஸ் பப்பாயே என்ற எள்ளளவு குளவிதான் அதை அடக்கியது. அந்தக் குளவி நம் காட்டில் இன்னும் இருக்கிறது, நாம் அதைக் கொல்லாமல் இருந்தால் போதும் என்று சொல்லிக் காத்திருந்தோம். தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவியதோடு சரி. சில வாரத்தில் மாவுப்பூச்சிக் கூட்டங்கள் உள்ளே துளைபட்டு வெறும் கூடாகின. அந்தத் துளைகளை நுண்ணோக்கியில் வைத்து வகுப்பெடுத்தேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. இரண்டே நாளில் விடுதி காலி. ஏப்ரல் நடுவில் முடியும்படி திட்டமிட்ட காய்கறி அத்தனையும் செடியில் நிற்கிறது, தின்பதற்கு ஒரு வாய் இல்லை. ஒட்டன்சத்திரம் சந்தைக்கு அனுப்ப வண்டி இல்லை. வளாகத்துக்குள் குடியிருந்த நான், இரவுக் காவலர், வெளியே போக முடியாமல் தங்கிவிட்ட இரண்டு வடகிழக்கு மாநிலத்து மாணவர்கள், தினமும் வேலி வழியாக வந்துவிடும் பெரியம்மா, ஐந்தே பேர். காலையில் பறித்து, தள்ளுவண்டியில் ஏற்றி, பக்கத்துக் கிராமத்தில் வீட்டுக்கு வீடு கொடுத்தோம். சருகு வண்டிதான் அது. வேலை இழந்த வீடுகள், சிலர் காசு கொடுத்தார்கள், பலரால் முடியவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அதுவரை அந்த ஊருக்குக் கல்லூரி என்றால் உயரமான மதில்சுவர். அந்த இரண்டு மாதத்துக்குப் பிறகு ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டுப் பழைய விதைகளைக் கொண்டுவந்து தரத் தொடங்கினார்கள். பட்டை அவரை, சுரை, ஒரு நாட்டுக் கத்தரி. எங்கள் விதைக் குடுவைகளில் பாதி அப்படி வந்தவைதான்.

பெரியம்மா இப்போது வருவதில்லை. முழங்கால் வலி. அவர் மருமகள் வருகிறார். அவருக்குக் கல்லூரி மாதச் சம்பளம் தருகிறது, பன்னிரண்டு மாதமும். அந்த ஒரு உத்தரவுக்கு நான் ஆறு ஆண்டு அலைந்தேன். நான் வாங்கிய எந்த விருதைவிடவும் அந்தத் தாள் பெரியது என்று நினைக்கிறேன். வடக்கு வேலியோரப் பட்டைக்கும் சான்று வந்துவிட்டது. மண் அட்டையில் கரிமச் சத்து இப்போது 'நடுத்தரம்'. கம்பி முழங்கை ஆழத்துக்கு இறங்குகிறது.

தோட்டம் தொடங்கப்போகும் கல்லூரி நிர்வாகிகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. தொடக்க விழாவுக்குச் சிறப்பு விருந்தினரை அழைப்பதற்கு முன்னால் மூன்று காரியத்தைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அடுத்த கட்டடம் இந்த நிலத்தில் வராது என்று. வளாகத்துக்குள் எந்த ஒப்பந்தக்காரரும் களைக்கொல்லி கொண்டுவரக் கூடாது என்று. வைகாசி மாதம் தண்ணீர் பாய்ச்சப்போகிறவருக்குச் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்று. விதை அதற்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். கேட்டால் நாங்களே தருகிறோம்.